கட்டைவிரல் யாருடையது?

எங்கள் அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடியில் ஒரு பெண்மணி. 2001-ல் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்த கையோடு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷனில் சேர்ந்தவர். ஞாபகம் இருக்கிறதா? சென்னையில் அதற்குப் பயிற்சி தருகிற போர்டுகள் தெருவுக்குத் தெரு தொங்கிய காலம். அமெரிக்க டாக்டர் நோயாளி விவரங்களை மைக்கில் முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போவார். இன்டர்நெட்டில் அந்தக் குரல் வந்து சேரும்போது நமக்கு விடிகிற நேரம். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். மறுநாள் டாக்டர் வருவதற்குள் எல்லாம் டைப் ஆகித் திரும்பியிருக்கும். பெரும்பாலும் வரிக்கு இவ்வளவு என்று கூலி. 65 எழுத்து ஒரு வரி.

அந்த வரிகளில்தான் அவர் தம்பி இன்ஜினீயர் ஆனான்.

''அப்புறம் மெஷினே டைப் அடிக்க ஆரம்பிச்சுடுச்சு சார். தப்பை மட்டும் நாங்க திருத்தணும். ரேட்டையும் குறைச்சுட்டாங்க. ஹைப்பர்டென்ஷனை ஹைப்போடென்ஷன்னு போட்டுடும். ஏறின பி.பி. இறங்கிடும்! திருத்தத் திருத்த அது கத்துக்கிச்சு. போன வருஷம் எனக்கு 'போதும்'னுட்டாங்க.''

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. எழுத்தர் வேலைகளில் 24 சதவிகிதப் பணிகள் ஏ.ஐ.யிடம் மிக எளிதாகச் சிக்கக்கூடியவை, ஆண்களைவிடப் பெண்களுக்கே இதில் ஆபத்து அதிகம் என்றது. நாற்று நடுகிறவரும் பிளம்பரும் இப்போதைக்குத் தப்பித்தார்கள். சென்னையும் கோவையும் இருபத்தைந்து வருஷமாக வெளிநாட்டுக்கு விற்றதில் எழுத்துக்கும் குரலுக்கும் கோடுக்கும் முக்கியப் பங்கு உண்டு. வெயில் நேராக விழுகிற இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

ஜோசியம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ரேடியாலஜிஸ்ட்டுகளுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்று 2016-ல் சொன்னவர், இந்தத் துறையின் பிதாமகர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன். எக்ஸ்ரே பார்க்க இன்னும் ஆள் தேவைப்படுகிறது. மெஷின் வந்ததில் நல்லதும் உண்டு. டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

என் கேள்வி வேறு. அந்த மெஷினுக்கு ஹைப்பர் எது, ஹைப்போ எது என்று சொல்லிக்கொடுத்தது யார்? இவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்கள் திருத்திய பிரதிகள். அவர்களுக்கு ஏதாவது பாக்கி இருக்கிறதா, இல்லையா?

''அதான் சம்பளம் வாங்கியாச்சே'' என்பீர்கள். நியாயம்தான். நாற்காலி செய்த ஆசாரிக்கு, நாம் உட்காரும்போதெல்லாம் காசு கொடுப்பதில்லை. ஆனால், நாற்காலி தானாக எழுந்து போய் இன்னொரு நாற்காலி செய்வதில்லையே! இவருக்குக் கிடைத்தது திருத்தியதற்குக் கூலி. கற்றுக்கொடுத்ததற்கு அல்ல. தான் இரண்டு வேலை பார்க்கிறோம் என்பதே அவருக்குத் தெரியாது.

மெஷினை நிறுத்தச் சொல்லவில்லை. அதனால் மிச்சமாகிற பணத்தில் ஒரு பங்கு, அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்களுக்குப் போகவேண்டும் என்கிறேன். 'புதுசா ஏதாவது கத்துக்குங்க' என்று நாற்பத்தைந்து வயதில் சொல்வது சுலபம். கற்று முடிக்கும்வரை வீட்டு வாடகையை யார் கட்டுவது? அதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது யோசனை. இல்லையென்றால் வெறும் உபதேசம்.

ஏகலைவன் கதையில் கட்டைவிரலை இழந்தது சிஷ்யன். அதையே இத்தனை காலமாக அநியாயம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கதையில் விரலை இழந்தது குரு.