வயிற்றுக் கன்றின் பங்கு

அமாவாசையன்று பசுவுக்கு அகத்திக்கீரை கொடுத்தால் புண்ணியம் என்பது கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் வேரூன்றிய நம்பிக்கை. பசுவுக்கு உணவளிப்பதை எவராலும் செய்ய முடிந்த அறமாகத் திருமூலரும் சொன்னார். பசு சினையாக இருந்தால், அந்த அறம் ஒரு கட்டுக் கீரையோடு நிறைவடைகிறதா?

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கன்று வேகமாக வளர்வது கடைசி மூன்று மாதங்களில். கோமுகி அணைப் பாசனத்தில் கிடைக்கும் நெல் வைக்கோலிலோ புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். கல்வராயன் மலையின் சாமைத் தாளும் தனித்தீவனமாகப் போதாது. வயிறு நிரம்பும், சத்து சேராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோல் கருவைக் கலைக்கவும் கூடும்.

தேர்க்காலில் சிக்கிய கன்றுக்காகத் தன் மகனையே தண்டித்த மனுநீதிச் சோழனை நாம் கொண்டாடுகிறோம். அங்கே தாய்ப்பசு மணியடித்து முறையிட்டது. கருவில் இழந்த கன்றுக்காக முறையிட யாரும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர் என்பதால் கடமை குறைந்துவிடுமா? குறையாது. கொடுப்பவரின் பக்தியைவிடப் பெறும் உயிரின் தேவையே ஈகைக்கு அளவு.

இந்தக் கடமை எட்டாததும் அல்ல. வைக்கோல் போரை மேடான இடத்தில் போட்டு, நனையாமல் மூட வேண்டும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துச் சீராகத் தெளித்து, 21 நாள் காற்றுப் புகாமல் மூடிவைத்தால் புரதமும் செரிமானமும் கூடும். வரப்போரம் வேலிமசால் வளர்க்கலாம். ஈனுவதற்கு முந்தைய இரண்டு மாதம் தினமும் ஒரு கிலோ அடர்தீவனம் கூடுதலாக வைப்பது, அமாவாசைக் கீரைக்குச் சற்றும் குறையாத வழிபாடு.