எந்த ஃப்ரீ?

ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்க ரொம்ப எளிதான பெயரடை எது என்று யாராவது கேட்டிருந்தால், ஃப்ரீ என்றுதான் சொல்லியிருப்பேன். கிராஞ்சி பக்கம் விடுதியில் தங்கி வேலை செய்யும் அண்ணன்மார் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பேச்சு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அன்று பலகையில் அர்த்தங்களை வரிசையாக எழுதினேன். காசு இல்லாமல் கிடைத்தால் ஃப்ரீ. கையில் வேலை இல்லாவிட்டால் ஃப்ரீ. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலி என்றால் அதுவும் ஃப்ரீ. சீனி சேர்க்காத பானம் சுகர் ஃப்ரீ. கடைசியாக, அடிமைப்படாத நாடும் மனிதனும்.

புதுக்கோட்டை அண்ணன் ஒருவர் சிரித்தார். "தம்பி, எங்களுக்கு ஃப்ரீன்னா ஓட்டி இல்லைன்னு அர்த்தம். ஓட்டி இல்லைன்னா காசு இல்ல. ஏஜெண்டுக்குக் கட்ட வாங்குன கடன் அப்படியே நிக்கும்."

வகுப்பு முடிந்து நாலைந்து பேர் போர் நினைவிடத்துக்கு நடந்தோம். கிராஞ்சியில் இருந்துகொண்டே அவர்கள் யாரும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. 1957 மார்ச் 2ஆம் தேதி திறக்கப்பட்ட இடம் அது. கல்லறை கிடைக்காமல் போன 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. நம் ஊர்ப் பெயர்களும் ஏராளம். சுதந்திர மனிதர் அனைவருக்காகவும் இவர்கள் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். அதில் நான் காலையில் எழுதிப்போட்ட அதே சொல் இருந்தது. அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். சந்தோஷப்பட்டேன். அடுத்த கேள்விதான் மாட்டிவிட்டது.

"அப்ப நம்ம நாடு வெள்ளைக்காரன் கையிலதானே தம்பி இருந்துச்சு? இவங்களே ஃப்ரீ இல்லையே. இதுல எந்த ஃப்ரீ?"

என் பட்டியலில் பதில் இல்லை.

இந்தக் கேள்வி இதே ஊரில் ஏற்கெனவே கேட்கப்பட்டதுதான். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. இரண்டு நாள் கழித்து, சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் சுமார் 45,000 பேரை ஃபேரர் பார்க் திடலில் கூட்டினார்கள். நாம் தைப்பூசத்துக்குக் காவடியோடு கிளம்பும் பெருமாள் கோயிலுக்குக் கிட்டத்தில்தான் அந்தத் திடல். இந்தியாவின் விடுதலைக்காகப் போராட வாருங்கள் என்று அழைப்பு வந்தது. பலர் சேர்ந்தார்கள், பலர் மறுத்தார்கள். மறுத்தவர்களில் ஆயிரக்கணக்கானோரை ஜப்பானியர் நியூ கினி போன்ற இடங்களுக்குக் கப்பலேற்றினார்கள். அங்கே பசியிலும் நோயிலும் எத்தனையோ பேர் செத்தார்கள். அடுத்த வருஷம் அக்டோபர் 21ஆம் தேதி நேதாஜி இங்கே கேத்தே கட்டடத்தில்தான் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார்.

நம் இளைஞர் கூட்டங்களில் இதைப் பேசும்போதெல்லாம் ஒரு அவசரத் தீர்ப்பு வரும். ஐஎன்ஏவில் சேர்ந்தவன் சுதந்திர மனிதன், கிராஞ்சிச் சுவரில் இருப்பவன் கூலிக்குச் சண்டை போட்டவன். நேதாஜி மீது எனக்கும் பக்தி உண்டு, ஆனால் இந்தத் தீர்ப்பை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் போரில் இந்தியப் படைக்குக் கட்டாய ஆள்சேர்ப்பு கிடையாது. 25 லட்சம் பேர் விரும்பித்தான் சேர்ந்தார்கள் என்று புத்தகம் சொல்லும். விரும்பி என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை வீட்டு அடுப்பு எரியாமல் கிடந்ததோ! அண்ணனும் அதையே சொன்னார்: "என்னையும் யாரும் கட்டிப்போட்டு இழுத்துட்டு வரல தம்பி. தங்கச்சி கல்யாணம் கூப்பிட்டுச்சு, வந்தேன்." கீதை வகுப்பில் நாம் நேரே மோட்சத்துக்குப் போய்விடுகிறோம். ஒரு மனிதன் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும் இடத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பதே இல்லை.

வீட்டுக்கு வந்து அகராதிகளைப் புரட்டினேன். ஃப்ரீ என்ற சொல்லும் ஃப்ரெண்ட் என்ற சொல்லும் நம் சமஸ்கிருதப் 'பிரிய'மும் ஒரே வேரில் பிறந்தவையாம். பழங்காலக் குடும்பத்தில் தலைவனுக்குப் பிரியமான சொந்தங்கள் ஒரு பக்கம், அடிமைகள் ஒரு பக்கம். பிரியமானவன் என்ற சொல்லே காலப்போக்கில் அடிமை அல்லாதவன் என்று ஆகிவிட்டதாக மொழி ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தமிழில் பார்த்தால், அறம் பொருள் இன்பத்துக்குப் பிறகு வருவது வீடு. விடு என்பதிலிருந்து வந்த சொல். விட்டுவிடுவதும் வீடு, திரும்பிப் போகும் இடமும் வீடு. அண்ணன் இதைக் கேட்டால், "ரெண்டும் எனக்கு இப்ப இல்ல" என்று சிரித்திருப்பார்.

அந்தச் சிப்பாய்க்கு நாடு சுதந்திரமாக இல்லை, உண்மை. ஆனால் பக்கத்துக் குழியில் படுத்திருந்தவன் அவனுக்குப் பிரியமானவனாக இருந்திருப்பான். ஃபேரர் பார்க்கில் சேர்கிறேன் என்றவனும் மாட்டேன் என்றவனும், அந்த ஒரு நிமிஷம், யாரும் எடுத்துவிட முடியாத ஒன்றைத் தன் கையில் வைத்திருந்தான். சாப்பாடு, சம்பளம், போகும் இடம் எல்லாம் வேறு யாரோ முடிவு செய்தது. பதில் மட்டும் அவனுடையது. இதைச் சுதந்திரம் என்று சொன்னால், அவனைக் கட்டிப்போட்டவனுக்குச் சாதகமாகப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. 2020இல் விடுதிகளை மூடிய பிறகு, வெளியே போய்வர இதே அண்ணன்மார் நெடுநாள் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது 'மனசு ஃப்ரீயா இருந்தா போதும்ணா' என்று நான் சொல்லியிருந்தால் அது அயோக்கியத்தனம்.

பெயர்ச் சுவர்களுக்குப் பின்னால் இன்னொரு நினைவுச் சின்னம் இருக்கிறது. தம் மத முறைப்படி தகனம் செய்யப்பட்ட சுமார் 800 பேருக்கானது. பெரும்பாலும் பிரிக்கப்படாத இந்தியாவின் வீரர்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது, நெருப்புதான். அன்று அதன் முன்னால் போனதும், யாரும் சொல்லாமலே அண்ணன் செருப்பைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம்.

அப்போது அவர் போன் அடித்தது. சூப்பர்வைசர். மதியத்துக்கு மேல் ஒரு வேலை, ஓட்டி உண்டு, ஃப்ரீயா என்று கேட்டது எனக்கே கேட்டது.

அண்ணன் சுவரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"இல்லண்ணே, இன்னைக்கு ஃப்ரீ இல்ல," என்று சொல்லி போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு புல்லில் உட்கார்ந்துகொண்டு, "போச்சு தம்பி, அரை நாள் ஓட்டி போச்சு," என்றார்.