மூன்றாவது நாடா

புலம்பெயர்ந்த எமக்குக் காஞ்சிபுரம் சேலை வெறும் சேலையல்ல. கலியாணத்துக்கோ பிள்ளையின் அரங்கேற்றத்துக்கோ அதை உடுத்தும்போது மரபையே உடுத்துவதாக ஓர் எண்ணம். கைத்தறி அழியக்கூடாது, தலைமுறை தலைமுறையாகத் தொடரவேண்டும் என்பதில் எமக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. யாருடைய தலைமுறை என்றுதான் நாம் கேட்பதில்லை.

காஞ்சிச் சேலையின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே இழையோடு இழை கோத்து இணைக்கும் வேலை அது. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெசவாளிக்கு இருப்பதோ இரண்டு கை. ஒரு பக்கக் கரையின் நாடாவை எறிய அருகில் இன்னொருவர் இருந்தாக வேண்டும். நெடுங்காலமாக அந்த இன்னொருவர் பெரும்பாலும் ஒரு சிறுவன், அல்லது சிறுமி. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்டு கிடந்த பிள்ளைகளைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் விரிவாக எழுதியது. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலையின் பெயருக்குக் காவல் வந்துவிட்டது. 2016இல் இந்தியா குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின் பிள்ளைகள் உதவலாம் என்று விலக்களித்தது. பரம்பரை என்ற சொல் இப்படியும் பயன்படும்.

சேலைக்கடை தேடி நாம் போய்வரும் சிட்னியின் மேற்குப் பகுதியில், பரமற்றாவில், 1821இல் திறக்கப்பட்ட பெண் கைதிகளின் தொழிற்சாலை ஒன்றின் எச்சங்கள் நிற்கின்றன. நாடுகடத்தப்பட்ட பெண்களை அங்கே நூல் நூற்கவும் முரட்டுத் துணி செய்யவும் வைத்தார்கள். 'பரமற்றாத் துணி' என்று அதற்குப் பெயர். 2017இல் அந்த வளாகம் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மரபுரிமை என்பதற்காக அவர்களுடைய பேரப்பிள்ளைகளை யாரும் கதிரில் உட்காரச் சொல்லவில்லை.

எம்மில் பலர் இங்கே உணவகங்களில் கோப்பை கழுவுகிறோம், வெங்காயம் உரிக்கிறோம். இதிலும் கைப்பக்குவம் உண்டு, சிரிக்க வேண்டாம். ஆனால் உன் பிள்ளையும் இதையே செய்யட்டும் என்று எவராவது கேட்டால் என்ன சொல்வோம்? இரண்டு வேலை செய்து பிள்ளையை ரியூசனுக்கு அனுப்புவது எதற்காக? எங்கள் மகன் பொறியியல் படித்தால் முன்னேற்றம். நெசவாளியின் மகன் படித்தால் கலை அழிகிறதாம்.

அதற்காக அழியட்டும் என்று விடுவதா? 1977இல் இலங்கை இறக்குமதிக்குக் கதவைத் திறந்தபின் நாடெங்கும் கைத்தறிகள் ஓய்ந்தன. மருதமுனை போன்ற நெசவு ஊர்களில் தறியை விட்டு எழுந்தவர்கள் விரும்பி எழுந்தவர்களல்ல. போக விரும்புகிறவர் போகவும், இருக்க விரும்புகிறவர் இருந்து பிழைக்கவும் வேண்டும். இரண்டாவதற்குக் கூலி வேண்டும். மீட்டெடுப்பு பற்றிய எமது பேச்சில் கூலி அபூர்வமாகவே வருகிறது. மலிவாக எங்கே வாங்கலாம் என்பது தாராளமாக வருகிறது.

இன்று பல வீடுகளில் மூன்றாவது நாடாவை எறிகிறவர் நெசவாளியின் மனைவி. கூலி சேலைக்கு ஒன்றாகத்தான் வருகிறது, கணவரின் கையில்.