அமைதி எங்கே இருக்கின்றது?

மனித மனம் எப்பொழுதும் அமைதியையே நாடுகின்றது. தொழிலின் பொருட்டுக் கொழும்பில் வாழும் பிள்ளைகள் திருவிழாவுக்கு ஊர் வரும்போது, கோயில் வீதி வேப்பமர நிழலில் சற்று இருந்துவிட்டு, "இங்கேதான் நிம்மதி" என்று பெருமூச்சு விடுவது வழக்கம். 10 நாள் நிம்மதிக்காக மிகுதி 355 நாட்களும் காத்திருக்கத்தான் வேண்டுமா?

நகர வாழ்வின் அவசரம் பொய்யன்று. காலையில் பஸ்ஸில் நெரிபட்டு, கந்தோரில் கோப்புகளோடு போராடி, இருட்டிய பின் தொடர்மாடி வீட்டுக்குத் திரும்புபவன் களைத்துப் போகிறான். வெறுங் களைப்பானால் உறக்கத்தில் தீர்ந்துவிடும். அது சினமாக மாறும்போதுதான் துன்பம் தொடங்குகின்றது. மேலதிகாரியிடம் காட்ட முடியாத கோபம், ஒரு கையெழுத்துக்காக நெடுநேரம் காத்து நின்ற மூதாட்டி மீது பாய்கின்றது. வீட்டிலே, கொப்பியைக் காட்ட ஓடி வந்த குழந்தை மீது பாய்கின்றது. ஆகவே மன அமைதி ஒருவனது சொந்தச் சுகம் மட்டுமன்று. பிறருக்கு அவன் செலுத்த வேண்டிய கடனுமாகும்.

அந்த அமைதிக்கு வேண்டியவை நகரத்திலும் உண்டு. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குச் செல்லும் புகையிரதத்தில் இடப்பக்கத்தே கடல் கூடவே வருகின்றது. பேரை வாவியில் கூழைக்கடாக்கள் ஆறுதலாக மிதக்கின்றன. 2018 ஆம் ஆண்டில் உலகில் முதன்முதலாக ஈரநில நகரங்களென ஏற்கப்பட்ட 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. வாடகை வீட்டு யன்னலோரம் பழைய பேணியில் வைத்த துளசியும் தளிர் விடத்தான் செய்கின்றது.

இவற்றைப் பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். றொஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1984 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்றவர்களுள், யன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள் செங்கற் சுவரைக் கண்டவர்களிலும் பார்க்க விரைவாக வீடு திரும்பினர்.

மரத்தைப் பார்த்ததால் கடன் தீராது, சம்பளமும் கூடாது. ஆயினும் துன்பத்தைத் தாங்கும் பக்குவம் மனதுக்கு வருகின்றது. நீற்றறையில் அடைபட்ட திருநாவுக்கரசு நாயனார் இறைவன் திருவடி நிழலுக்கு உவமையாக நினைந்தவை நிலவும் தென்றலும் பொய்கையும் போன்றவையே. வெந்தழலின் நடுவிலும் அவர் நினைவுக்கு வந்தவை எவர்க்கும் எளிதிற் கிடைக்கும் பொருட்கள்.

நேரமில்லை என்பார் பலர். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் 5 நிமிடமும் கைத்தொலைபேசிக்கே போகின்றது. அதில் ஒரு நிமிடத்தை எதிரே நிற்கும் அரசமரத்துக்குக் கொடுத்தால் போதும். ஊரில் இருப்போருக்கும் இது பொருந்தும். தலைக்கு மேலே வேம்பு பூத்திருப்பதை அறியாமலே கோயில் வாசலைக் கடந்து போவோர் இங்கும் உளர்.

திருவிழா முடிந்து கொழும்பு திரும்பும் பிள்ளைகள், மாலையில் வீட்டுக் கதவைத் தட்டுமுன் ஒரு கணம் நின்று வானத்தைப் பார்க்கட்டும். கதவைத் திறக்கும் குழந்தை காண்பது சிரித்த முகமாக இருக்கட்டும்.