அறியாது கொடுத்த ஔஷத தானம்

இல்லறத்தார்க்கு நம் ஆசாரியப் பெருமக்கள் வகுத்தருளிய தானங்கள் நான்கு. ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம் என அவற்றை இளமையிலேயே நாம் மனப்பாடம் செய்தோம். பசித்தவர்க்கு உணவும், அஞ்சியவர்க்கு அடைக்கலமும், கல்லாதவர்க்குக் கல்வியும் அளிப்பது போலவே நோயுற்றவர்க்கு மருந்து அளிப்பதும் அறமே, இதில் ஐயமில்லை. ஆயின், கொடுக்கும் பொருள் மருந்துதானா என்று ஆராயாமல் கொடுத்தால் அது தானமாகுமா? கொடுத்தவரின் நல்லெண்ணம் ஒன்றே அச்செயலை அறமாக்கிவிடுமா? இவ்வினா இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நம் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது. புற்றுநோய்க்குப் பச்சிலை வைத்தியம் சொல்வோர் வீட்டுக்கு ஒருவராகப் பெருகிவிட்ட இந்நாளில், அதனை அன்பர்கள் முன் வைப்பது கடமை எனக் கருதுகிறோம்.

2001ஆம் ஆண்டு. வந்தவாசி வட்டாரத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நாம் பணியாற்றி வந்தோம். நம்மினும் பத்து வயது இளையவரான ஆசிரியை ஒருவர், ஒரு நாள் மதிய உணவு வேளையில் நம்மைத் தனியே அழைத்து, மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுவதாகக் கூச்சத்தோடு கூறினார். கொட்டைப்பாக்கு அளவே இருந்தது, வலி இல்லை. கணவரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. மருத்துவரிடம் காட்ட நாணம். காட்டினால் என்ன சொல்வார்களோ என்ற அச்சம்.

நாம் என்ன செய்திருக்க வேண்டும்? மறுநாளே விடுப்பு எழுதித் தரச் செய்து, கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருக்க வேண்டும். நாம் செய்தது வேறு. நம் அன்னையார் கட்டிகளுக்குப் பற்றுப் போட்டுவந்த பச்சிலை ஒன்றைச் சொன்னோம். உடன் பருக ஒரு கஷாயத்தையும் சொன்னோம். "எத்தனையோ பேருக்குக் கரைந்திருக்கிறது, கவலைப்படாதே" என்று உறுதியும் கூறினோம். அந்த எத்தனையோ பேர் யார், அவர்களுக்கு வந்தது எவ்வகைக் கட்டி என்று நம்மை நாமே ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை. சீழ்க்கட்டி வேறு, புற்றுக்கட்டி வேறு என்பது நமக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

ஏழு மாதங்கள் அவர் அக்கஷாயத்தை ஒரு நாளும் தவறாது பருகினார். வலி இல்லையே என்பதை நாங்கள் இருவரும் நற்குறியாகவே கொண்டோம். மார்பகப் புற்றின் தொடக்கக் கட்டி பெரும்பாலும் வலியற்றது என்பதைப் பின்னரே அறிந்தோம். மேல்தோல் குழிந்து, அக்குளிலும் நெறி கட்டிய பிறகே அவர் மருத்துவமனைக்குச் சென்றார். அதற்குள் நோய் எலும்பு வரை பரவியிருந்தது. மருத்துவர்கள் இயன்றதெல்லாம் செய்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் அவர் மறைந்தார். இறுதியாகக் கண்டபோது நம் முகவாட்டத்தைப் பார்த்து அவர்தாம் நமக்கு ஆறுதல் கூறினார். "அக்கா, நீங்கள் என் நன்மைக்காகத்தானே சொன்னீர்கள்!" என்றார்.

அச்சொல் மன்னிப்பு. ஆனால் அது விடையாகுமா?

நம் அறநூல்கள் இம்சையை இருவகையாகப் பகுத்துக் காட்டும். உள்ளக் கருத்தில் நிகழ்வது பாவ இம்சை. உயிர்க்கும் உடலுக்கும் நேரும் ஊறு திரவிய இம்சை. கொல்லும் கருத்தின்றி, உரிய கவனத்தோடு அறுவை செய்யும் மருத்துவரின் கையில் ஒரு நோயாளி இறந்துபோனால், அம்மருத்துவரைக் கொலைப்பழி சேராது. இதனைக் கேட்டு ஒரு காலத்தில் நாமும் ஆறுதல் கொண்டோம். நமக்கும் கொல்லும் கருத்து இல்லையே!

ஆனால் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பகைமையை அதன் வேராகச் சொல்லவில்லை. பிரமாதத்தையே சொல்கிறது. பிரமாதம் என்பது விழிப்பின்மை, கவனமின்மை. இங்கேதான் நம் வாதம் உடைந்தது. அறுவை மருத்துவர் பல ஆண்டுகள் கற்றவர். கத்தியை எடுக்குமுன் நோய் இன்னதென்று உறுதி செய்துகொண்டவர். நாமோ எதனையும் உறுதி செய்யாமல், பல நாள் பழகிய நம்பிக்கை தந்த துணிவில் பேசினோம். அவரிடம் கருணையும் விழிப்பும் சேர்ந்திருந்தன. நம்மிடம் கருணை மட்டுமே இருந்தது. மும்மணிகளில் நல்லொழுக்கத்துக்கு முன்னே நன்ஞானம் வைக்கப்பட்டிருப்பதன் பொருளை அன்று உணர்ந்தோம். அறிவு துணைவராத அன்பு, தன் கையால் செய்வது இன்னதென்று தானே அறியாது.

'அப்படியாயின் நம் முன்னோரின் மருத்துவமெல்லாம் பொய்யா?' என்று அன்பர்கள் வினவலாம். அன்று. காரியாசான் தம் நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்றும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்றும் மருந்துகளின் பெயரையே சூட்டினர். இருவரும் சமணச் சான்றோர். ஏலாதி என்னும் மருந்து ஏலம் ஒரு பங்கு, இலவங்கப்பட்டை இரண்டு, நாககேசரம் மூன்று, மிளகு நான்கு, திப்பிலி ஐந்து, சுக்கு ஆறு என்ற அளவில் அமைவது. அளவு பிழைத்தால் அது ஏலாதி ஆகாது. சித்த மருத்துவரும் சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் கையாள மாட்டார். அதன் பால் பட்டாலே தோல் புண்ணாகும். அளவும், சுத்தியும், நோயை இன்னதென்று அறிந்தபின் மருந்து தருதலும் மரபு வகுத்த ஒழுங்குகளே. வாய்ச்சொல்லாய்ப் பரவும் பச்சிலை வைத்தியம் மரபின் பெயரைச் சொல்கிறதேயன்றி, அந்த ஒழுங்கைக் காப்பதில்லை.

பச்சிலைகளில் புற்றுநோய்க்கு மருந்து இல்லை என்றும் நாம் சொல்லவில்லை. நம் பள்ளியின் வேலியோரம் நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கும். சுடுகாட்டுப் பூ என்று பிள்ளைகள் அதனைப் பறிக்கவும் அஞ்சுவார்கள். மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய செடி அது. ஜமைக்காவில் அதன் இலையை நீரிழிவுக்குக் காய்ச்சிக் குடித்தனர். 1952இல் அவ்விலைகள் கனடா நாட்டுக்கு அனுப்பப்பட்டன. இராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்னும் அறிஞர்கள் ஆராய்ந்தபோது நீரிழிவுக்கு அதனால் பயன் காணவில்லை. ஆயின் இலைச்சாற்றை ஊசிவழி ஏற்ற எலிகளின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்தன. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காது பெருகும் இரத்தப் புற்றுக்கு இது உதவுமோ என்ற சிந்தனை அங்கே பிறந்தது. 1958இல் வின்பிளாஸ்டின் பிரித்தெடுக்கப்பட்டது. அதே செடியிலிருந்து கிடைத்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. இரத்தப் புற்றுற்ற குழந்தைகள் பலர் இன்று பிழைத்து வாழ்வதில் இம்மருந்துக்கும் பங்குண்டு.

ஆனால் அன்பர்கள் ஒன்றைக் கருத வேண்டும். அந்த எலிகளுக்கு வாய்வழி கொடுத்த சாறு பயன் தரவில்லை. ஊசிவழி ஏற்றியதோ, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலை அழித்து அவற்றைக் கொன்றது. இன்றும் வின்கிறிஸ்டின் இரத்தக்குழாயில் மட்டுமே செலுத்தப்படுகிறது. தவறித் தண்டுவட நீரில் செலுத்திவிட்டால் உயிரையே பறிக்கும். எனவே, 'நித்தியகல்யாணியில் மருந்து இருக்கிறது' என்பது உண்மை. 'ஆகவே அதன் இலையைக் காய்ச்சிக் குடி' என்பது உண்மையன்று. இவ்விரு வாக்கியங்களுக்கும் இடையே பல அறிஞர்களின் பல்லாண்டு உழைப்பு நிற்கிறது. பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்தார்கள். மன்ரோ வால், மன்சுக் வானி ஆகியோர் ஆராய்ந்த அப்பொருள் சூலகப் புற்றுக்கு மருந்தாக ஏற்கப்பட்டது 1992இல். முப்பது ஆண்டுகள்! பட்டையை உரித்தால் மரம் மாயும் என்பதால், யூ இனத்தின் இலைகளிலிருந்து அதனை ஆக்கும் வழியையும் பின்னர்க் கண்டார்கள். கனிக்காக மரத்தை வேரோடு சாய்க்க நினைத்தவன் முதல், உதிர்ந்த கனி போதும் என்றவன் வரை அறுவரைக் காட்டும் நம் இலேசைக் கதையை இது நினைவூட்டுகிறது.

சோதியாமல் கொள்ளும் பச்சிலை தீங்கேனும் செய்யாது என்பதும் தவறான எண்ணமே. முள்சீத்தாப் பழமும் இலையும் புற்றைத் தீர்க்கும் என்ற செய்தி கைப்பேசிகளில் உலாவுகிறது. கரீபியத் தீவான குவாதலூப்பில், அப்பழத்தையும் இலைக் கஷாயத்தையும் மிகுதியாக உட்கொண்டவர்களிடையே நடுக்குவாதம் போன்ற நரம்பு நோய் காணப்படுவதை 1999இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. எல்லாவற்றினும் பெருந்தீங்கு காலம் கடத்துவது. பரவாத நிலையில் புற்றுநோய் கண்டறியப்பட்டும் வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியத்தை மட்டுமே நாடிய 281 பேரை, சிகிச்சை பெற்ற 560 பேரோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. மாற்று வைத்தியத்தை மட்டும் நாடியோர் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். இவ்வெண்களைப் படித்த அன்று நாம் உறங்கவில்லை. நம் அருமைச் சகோதரியின் ஏழு மாதங்கள் அவற்றுள் மறைந்திருப்பதாகவே தோன்றியது.

அனேகாந்தம் பேசும் நாம் எல்லா மருத்துவத்தையும் சமமாக ஏற்க வேண்டாமா என்று கற்றறிந்த நண்பர் ஒருவர் கேட்டார். யானையைத் தடவிய குருடர் ஒவ்வொருவரும் உண்மையின் ஒரு கூற்றைத் தொட்டனர். தொட்டதைச் சொன்னதில் பிழையில்லை. தொட்டதே முழு யானை என்றதில்தான் பிழை. சியாத்வாதம் நமக்குக் கற்பிப்பது சொல்லடக்கம். 'இப்பச்சிலை என் தாயாரின் கட்டிக்கு உதவிற்று' என்பது ஒரு நோக்கில் மெய். 'இது புற்றைத் தீர்க்கும்' என்பது, தொடாத யானையை வருணிப்பது. அது பொய்யாமை விரதத்துக்கும் இழுக்கு.

நோயாளி தம் விருப்பப்படி சிகிச்சையை மறுக்க உரிமையற்றவரா என்ற வினாவும் உண்டு. உரிமை உண்டு. சல்லேகனையைப் போற்றும் சமயம் நம்முடையது. ஆனால் அந்நோன்புக்கு உரிய காலங்களை எண்ணிய ஆசாரியர்கள், நோயைக் குறிப்பிடும்போது பரிகாரமற்ற நோய் என்றே வரையறுத்தனர். பரிகாரம் உண்டா இல்லையா என்று தெளிய அறிவது முதற்கடமை என்பது அதனால் விளங்கும். உண்மையை முழுதும் அறிந்தபின் ஒருவர் அமைதியாக 'போதும்' என்பது துறவு. பொய் நம்பிக்கையால் வழிமாறிச் சென்று காலத்தை இழப்பது துறவாகாது. அவரிடமிருந்து தெரிவு செய்யும் உரிமையையே நாம் பறித்துவிடுகிறோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அத்துயரத்திலிருந்து அவர் அறிவைத் தேடினார். 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது. புற்றுநோயைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் இயற்றியதும் அதே ஆண்டில்தான். அன்பு அறிவோடு சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு அந்த அம்மையார் சான்று. சேராவிடில் என்ன விளையும் என்பதற்கு, வருத்தத்தோடு சொல்கிறோம், நாமே சான்று.

எனவே நாம் சில உறுதிகளை மேற்கொண்டுள்ளோம். கட்டி என்றோ, ஆறாத புண் என்றோ, காரணமறியா இரத்தப்போக்கு என்றோ எவர் சொன்னாலும் மருந்து எதுவும் கூறுவதில்லை. 'மருத்துவரிடம் காட்டினாயா?' என்பதே முதற்கேள்வி. 'நானும் உடன் வருகிறேன்' என்பதே அடுத்த சொல். தனியே செல்ல நாணும் பெண்ணுக்கு உடன்வரும் ஒரு துணையே பெரிய மருந்து. செலவுக்கு அஞ்சுவோர்க்குக் காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை போன்ற அரசு நிலையங்களையும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தையும் எடுத்துச் சொல்கிறோம். சிகிச்சைக்கிடையே ஏதேனும் கஷாயம் பருக விரும்பினால் மருத்துவரிடம் மறையாமல் சொல்லச் செய்கிறோம். சில மூலிகைகள் புற்று மருந்தின் வேகத்தை மாற்றக்கூடும். 'புற்றைக் கரைக்கும்' என்று வரும் கைப்பேசிச் செய்திகளை நம் கையோடு நிறுத்திவிடுகிறோம்.

இதுவரை நால்வரை இவ்வாறு அழைத்துச் சென்றோம். மூவருக்கு வெறும் நீர்க்கட்டி. நான்காமவருக்குப் புற்றுநோய், தொடக்க நிலையிலேயே கண்டறிந்து அறுவை செய்தனர். எட்டு ஆண்டுகள் கடந்தும் அவர் நலமாக இருக்கிறார். அட்சய திருதியை நாளில் கரும்புச்சாறு கொண்டுவந்து தருவார். அதனைப் பருகும்போதெல்லாம், ஏழு மாதங்கள் நம் சொல்லை நம்பிக் கஷாயம் பருகிய இன்னொரு முகம் நம் கண்முன் நிற்கிறது. அம்முகத்துக்கு நாம் செலுத்தக்கூடிய பிராயச்சித்தம் இக்கட்டுரையே. அன்பர்கள் இதனைத் தம் இல்லப் பெண்டிருக்குப் படித்துக் காட்டுவார்களாக.