குலுக்கல் கொடுமையா?

மார்பகப் புற்றுநோயால் வாடும் மங்கை ஒருத்தி, "புதிய சிகிச்சை வந்திருக்கிறதாமே, அதைத் தாருங்கள்" என்று கேட்கிறாள். மருத்துவரோ, "குலுக்கிப் போடுவோம், புதியது விழுந்தால் புதியது, பழையது விழுந்தால் பழையது" என்கிறார். உயிரோடு விளையாட்டா என்று உள்ளம் கொதிக்கிறதன்றோ? அமெரிக்காவிலே பலர் அப்படித்தான் கொதித்தனர். அந்தக் கொதிப்புக்கு விலை கொடுத்தவர் யார் என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவர் போனடோன்னா, அக்குளின் நிணநீர்க் கணுக்கள் வரை நோய் பரவியிருந்த பெண்களை, அறுவைக்குப் பின் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குச் சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட், புளூரோயுராசில் எனும் மூன்று மருந்துகள். மற்றதற்கு அறுவை மட்டுமே. 1976இல் முடிவு வெளிவந்தது. 27 மாதங்களில், மருந்து பெறாதோரில் நூற்றுக்கு 24 பேருக்கு நோய் மீண்டது. பெற்றோரில் ஏறத்தாழ 5 பேருக்கே மீண்டது. கீமோதெரபி மருத்துவச் சீட்டில் இடம்பெற்றது சான்றின் வலிமையால்.

ஆனால் ஆசை சான்றோடு நிற்குமா? சிறிது தந்தால் நன்மை, மிகுதியாகத் தந்தால் மிகுந்த நன்மை என்று கணக்குப் போட்டனர். 1980களில் மருந்தின் அளவைப் பன்மடங்கு உயர்த்தினர். அந்த அளவு எலும்பு மச்சையையே அழித்துவிடும். ஆகவே நோயாளியின் மச்சையை முன்கூட்டியே எடுத்துவைத்து, மருந்து செலுத்திய பின் அதை உடலில் சேர்த்தனர். துணிவான முறைதான். பயனுண்டா என்பதைத்தான் எவரும் முறையாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கவில்லை!

சோதனையில் இருப்பதற்குப் பணமில்லை என்றன காப்பீட்டு நிறுவனங்கள். 1993இல் கலிபோர்னியாவில், இறந்துபோன ஒரு பெண்ணின் குடும்பத்துக்கு 8 கோடியே 90 இலட்சம் டாலர் தரவேண்டுமென ஜூரிகள் தீர்ப்பளித்தனர். நிறுவனங்கள் பணிந்தன. கேட்டால் கிடைக்கும் என்றான பின், குலுக்கலுக்கு இசைபவர் யார்? ஒப்பீட்டு ஆய்வுகள் ஆமைபோல் நகர்ந்தன. பல்லாயிரம் பெண்கள் அந்த நஞ்சை ஏற்றனர்; சிலர் நோயால் அன்று, சிகிச்சையாலேயே மாண்டனர்.

1999இல் அட்லாண்டா மாநாட்டில் ஐந்து ஆய்வுகள் அரங்கேறின. நான்கில் தனிப்பயன் தென்படவில்லை. ஜோகன்னஸ்பர்க்கின் பெஸ்வோடா மட்டும் வெற்றி முழக்கினார். 2000இல் அமெரிக்க ஆய்வர் நேரிற் சென்று ஏடுகளைக் கேட்டனர். பொய் அம்பலமாயிற்று, அவரே ஒப்புக்கொண்டார், பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. சாமியாடி சொன்னால் சான்று கேட்கும் நாம், வெள்ளை அங்கி சொன்னால் மட்டும் வாய்பொத்தி நிற்கலாமா?

"சாகக் கிடப்பவளிடம் சான்று பேசுவது இரக்கமா?" என்பார் உளர். எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று அது. எது சிறந்தது என்று தெரிந்திருந்தும் குலுக்கினால், அது கொலைக்கு ஒப்பு. தெரியாதபோது குலுக்குவது, தெரியாது என்பதை மறைக்காமல் சொல்வதாகும். தெரிந்தவர் போல் முகம் காட்டி மருந்தெழுதுபவரும் குலுக்கத்தான் செய்கிறார். யாருக்கு என்ன விழுந்தது என்பதைத்தான் அவர் எழுதிவைப்பதில்லை. ஒன்று மட்டும் கட்டாயம்: அந்தப் பெண்ணுக்கு அனைத்தையும் சொல்லி, அவள் இசைந்த பிறகே குலுக்க வேண்டும். அவளறியாமல் செய்தால், கொடுமை என்ற சொல்லுக்கு அது முற்றிலும் உரியதே.

அவ்வாறு இசைந்தவர் பலர். 10,273 பெண்கள் சேர்ந்த டெய்லர்எக்ஸ் ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. ஹார்மோன் மருந்துக்கு இணங்கும் வகை, ஹெர்-2 மிகாதது, கணுக்களுக்குப் பரவாதது. அத்தகைய நோயில், மரபணுச் சோதனை நடுத்தர எண் காட்டியோரைக் குலுக்கிப் பிரித்திருந்தனர். ஹார்மோன் மருந்து மட்டும் பெற்றோர், கீமோதெரபியும் சேர்த்துப் பெற்றோரைப் போலவே நலமாயிருந்தனர். ஐம்பது வயதுக்கு உட்பட்டோரில் ஒரு பகுதியினருக்கே கீமோதெரபியால் ஓரளவு பயன் தெரிந்தது. ஏனையோரிடம், "உமக்கு இது வேண்டாம், அம்மா" என்று மருத்துவர் இன்று துணிந்து சொல்ல முடிகிறது.