கட்டியங்காரன் பேசாத இடம்

எங்கள் பக்கத்தில் கூத்து ஜமாவை நடத்துகிறவரை வாத்தியார் என்போம். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவரும் வாத்தியார்தான். செய்யாறு வட்டாரத்து ஒன்றியப் பள்ளிகளில் 32 வருடம் வேலை பார்த்தேன். கோடை விடுமுறை விட்டதும், கூத்தில் கதையை நடத்திச் சிரிக்கவும் வைக்கும் கட்டியங்காரன் வேஷம் கட்டுவேன். இரண்டு தொழிலிலும் எனக்குப் பிடிபடாமல் நின்றது ஒரே கேள்வி. அதைத் துரோபதை கேட்டாள்.

திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கியார் வில்லி பாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார். ராத்திரி அந்தக் கதை கூத்தாக வரும். அர்ச்சுனன் தபசுக்கு மரமேறுகிறான். கடைசி நாள் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் மல்லாந்து கிடக்கிறான். அன்று சாயங்காலம் தீமிதி. இதற்கெல்லாம் முந்தி ஒரு ராத்திரி பகடைத் துகில், சூதாட்டமும் துகிலுரிதலும். மற்ற நாட்களில் நடுநிசிக்கு மேல் பாதி ஊர் பாயிலேயே சாய்ந்துவிடும். துகில் அன்று கைக்குழந்தைக்காரிகூட நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

துரோபதை வேஷம் கட்டியவர் சாயங்காலம் எங்களோடு டீ குடித்த மனிதர். ஆனாலும் துச்சாதனன் அவருடைய புடவைத் தலைப்பைத் தொடுவதற்கு முன் ஆட்டத்தை நிறுத்துகிறான். தட்டில் கற்பூரம் ஏற்றுகிறான். "தாயே, வயித்துப் பொழப்புக்குக் கட்டின வேஷம், மன்னிச்சுடு" என்று காலில் விழுகிறான். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமுமாக அவன் குனியும்போது, எதிரே மண்ணில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அதற்கப்புறம்தான் இழுக்கிறான். இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஆவேசம் வந்து விழுந்தவனை நான் மூன்று தடவை தாங்கிப் பிடித்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது அதற்குக் கொஞ்சம் முந்தைய இடம். அவளைச் சபைக்கு இழுத்து வந்துவிட்டார்கள். கூந்தல் அவிழ்ந்திருக்கிறது. அவள் கேட்கிறாள்: தருமர் முதலில் தன்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றாரா? தன்னைத் தோற்று அடிமையானவருக்கு என்னைப் பணயம் வைக்க ஏது பாத்தியதை? இந்த இடத்தில் முகவீணை நின்றுவிடும். மிருதங்கக்காரர் கையை மடியில் வைத்துக்கொள்வார். நான் ஜமாவில் சேர்ந்த முதல் வருடம், அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. கட்டியங்காரன் என்றால் தொய்வு விழாமல் பார்த்துக்கொள்கிறவன் என்றுதான் பழகியிருந்தேன். பீஷ்மரைப் பார்த்து ஒரு பேச்சு விட்டேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு ஒரே பெருமை.

விடிந்து, தேங்காய் எண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாத்தியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தம்பி, ராத்திரி பூரா நீ பேசு. யாரை வேணா பேசு. அந்த எடத்துல மட்டும் வாயத் தொறக்காத. அவ அவங்கள மட்டுமா கேக்கறா? எதிர்ல குந்திக்கினு இருக்குதே ஊரு, அதையும்தான் கேக்கறா. நீ சிரிப்புக் காட்டினா ஊரு தப்பிச்சுக்கும்." அவ்வளவுதான் சொன்னார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டத்தை உட்கார்ந்து படித்தேன். பீஷ்மர் தருமம் நுட்பமானது, என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை என்று ஒதுங்குகிறார். துரோணர் வாயே திறக்கவில்லை. துரியோதனன் தம்பிகளில் ஒருவனான விகர்ணன் மட்டும் எழுந்து, அவளை வென்றதாக ஆகாது என்கிறான். உனக்கென்ன தெரியும் சின்னப் பையா என்று கர்ணன் அவனை அடக்குகிறான். விதுரர் ஒரு பழைய கதையை எடுக்கிறார். தன் மகன் விரோசனனுக்கும் சுதன்வா என்ற அந்தணனுக்கும் வந்த வழக்கைப் பிரகலாதன் தீர்க்க வேண்டியிருந்தது. தெரிந்தும் பதில் சொல்லாதவனுக்கு என்ன ஆகும் என்று அவன் கசியபரைக் கேட்கிறான். சபையில் ஒரு அநியாயம் நடந்து, அதை யாரும் கண்டிக்காவிட்டால், பாவத்தில் பாதி சபைத் தலைவனுக்கு, கால் பங்கு செய்தவனுக்கு, மீதிக் கால் பங்கு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்று விடை வருகிறது. பிரகலாதன் தன் பிள்ளைக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னான். விதுரர் இவ்வளவு சொல்லியும் அஸ்தினாபுரத்துச் சபை அசையவில்லை.

அந்தச் சபையில்தான் துகிலும் வளர்ந்தது. ஊர் "கோவிந்தா" என்று குரல் கொடுக்கும், பெண்கள் அழுவார்கள், எனக்கும் ஒவ்வொரு வருடமும் தொண்டை அடைக்கும். ஆனால் கதையைக் கூர்ந்து கேட்டால், துகில் வளர்ந்த பிறகும் அவளுடைய கேள்வி அங்கேயே நிற்கிறது. நரி ஊளையிட்ட அபசகுனத்தைக் கேட்டுப் பயந்துபோன திருதராட்டிரன் வரம் தருகிறான். முதல் வரத்தில் தருமரை மீட்கிறாள், இரண்டாவதில் மற்ற நால்வரை. மூன்றாவது வேண்டாம் என்கிறாள். வரம் கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. இறைவன் அவள் மானத்தைக் காத்தான். பதில் சொல்ல வேண்டியது சபையின் வேலை, அதை அவன் தன் தலையில் போட்டுக்கொள்ளவில்லை. நான் சாமி கும்பிடுகிறவன். அருள் வந்துவிட்டதே, இனி நியாயம் எதற்கு என்று கேட்கும் பக்தி மட்டும் என்னால் ஆகாது. நம் ஊர்களில் அவள் கோயிலே நீதி கிடைக்காதவளின் கோயில்தான். கேட்டவளைத்தான் அம்மனாக்கிக் கும்பிடுகிறோம்.

ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தும்போது விதுரரின் கணக்கைத்தான் கரும்பலகையில் போடுவேன். அரை, கால், கால், கூட்டினால் ஒன்று. பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். ஒரு வருடம் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "சார், சும்மா உக்காந்திருந்தவங்க நூறு பேருன்னா, அந்தக் காலை நூறால வகுக்கணுமா?" வகுத்துக் காட்டினேன். ஆளுக்கு நானூற்றில் ஒரு பங்கு. "அப்ப நெறைய பேரு உக்காந்திருந்தா பாவம் கம்மியாயிடுமா சார்?" என்றாள். மணி அடித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்களில் நானும் ஆடினேன். தெருமுனையில் வட்டமாக நின்று பாட்டு, சின்ன நாடகம், முடிவில் எழுதப் படிக்க வாருங்கள் என்ற அழைப்பு. கைநாட்டு வைத்த பெண்கள் அரிக்கேன் வெளிச்சத்தில் தங்கள் பெயரை எழுதிப் பார்த்ததைக் கண்ணால் கண்டவன் நான், அந்த நாடகங்களைக் குறைத்துப் பேச மாட்டேன். அவை விடை தெரிந்த நாடகங்கள். அந்த வேலைக்கு அதுதான் பொருத்தம். துகில் வேறு. சாமி கதையில் ஊர் விவகாரத்தை நுழைக்கலாமா என்று கோயில்காரர்கள் சிலர் என்னிடம் கோபித்ததுண்டு. நான் எதையும் நுழைக்க வேண்டியதே இருந்ததில்லை. அது சபையைப் பற்றிய கதை. ஊருக்கும் ஒரு சபை இருக்கிறது.

அந்தச் சபையில்தான் நான் தோற்றேன். கிராம சபை வருடத்துக்கு நாலு தடவை கூடிய காலம் அது. 2022-இல்தான் ஆறாக்கினார்கள். ஒரு அக்டோபர் 2, என் பள்ளித் தாழ்வாரத்திலேயே கூட்டம். பெஞ்சு எடுத்துப் போட்டது நான். வரவு செலவு வாசித்து முடிந்ததும், கடைக்கோடித் தெருவைச் சேர்ந்த ஒரு அம்மா எழுந்தார். "எங்க தெரு பேரச் சொல்லித்தான தண்ணி டேங்கு கட்டினீங்க. எங்க தெருவுக்கு மட்டும் ஏன் கொழா வரல?" கேட்டுவிட்டு உட்காரவில்லை, நின்றார். தீர்மான நோட்டின் பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. குழாய் எந்த இடத்தில் திரும்பிப் போனது, யாருடைய நிலத்துக்குப் போனது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த நிலத்துக்காரர்தான் திருவிழாவுக்கு எங்கள் ஜமாவைத் தாம்பூலம் வைத்து அழைப்பவர். அரசு ஊழியன் பேசக்கூடாது என்ற சாக்கு கையில் தயாராக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் என் மாணவர்கள் யாரோ சாக்பீஸால் போட்ட நொண்டிக் கட்டம் பாதி அழிந்து கிடந்தது. அந்த அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனார்.

அன்று அங்கே அறுபது பேர் இருந்திருப்போம். வீட்டுக்கு வந்து மனதுக்குள் வகுத்தேன். இருநூற்று நாற்பதில் ஒரு பங்கு. தூக்கம் வரவில்லை. வகுப்பில் அந்தக் கடைசி வரிசைப் பெண்ணுக்கு நான் கொடுக்காத விடை அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கால் பங்கு வகுபடாது. உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அதை முழுசாகத்தான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறோம். மறுவாரம் அந்தத் தெருவுக்குப் போனேன், மனு எழுதிக் கொடுத்தேன், என் கையெழுத்தையும் போட்டேன். இரண்டு வருடம் இழுத்துத்தான் குழாய் வந்தது. அந்த வருடம் எங்களுக்குத் தாம்பூலம் வரவில்லை. சபையில் பேசியிருக்க வேண்டியதைத் தனியே எழுதிக் கொடுத்தேன் என்பது இன்றும் எனக்குக் குறையாகவே இருக்கிறது.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். வாத்தியார் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது. சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கூத்து சொல்லிக் கொடுக்கிறேன். துரோபதையாக ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி நிற்கிறாள். அடவு நன்றாக விழுகிறது, குரல் பத்தாது, வந்துவிடும். போன வாரம் அந்தக் கேள்வியைச் சொல்லிவிட்டு, ஆர்மோனியம் நின்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்க எவ்ளோ நேரம் சார் நிக்கணும்?"

தாளத்தில் எண்ணிச் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. கையிலிருந்த தாளத்தைக் கீழே வைத்துவிட்டு, களத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்ப் பக்கம் போய், மற்றப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தேன். "இன்னொரு தடவை கேளும்மா" என்றேன்.